120 டன் குப்பை மாற்று நிலையம்: எத்தனை காம்பாக்டர், எத்தனை கன்டெய்னர்?

#1 மேற்கு_பொறியாளர்

வணக்கம். நடுத்தர ஊர் ஒன்றுக்கு டிரான்ஸ்பர் ஸ்டேஷன் (சிறு வண்டிக் குப்பையைப் பெரிய வண்டிக்கு மாற்றும் நிலையம்) மதிப்பீடு போட்டுக்கொண்டிருக்கிறோம். வரத்து நாளுக்கு 120 டன். பழைய வண்டி ஷெட் இருந்த 1.2 ஏக்கர் கையில் இருக்கிறது. செயலாக்க ஆலை அங்கிருந்து 22 கி.மீ. தெருவில் பேட்டரி வண்டி எடுத்து டாடா ஏஸ் ரக ஹாப்பர் டிப்பரில் (சாய்த்துக் கொட்டும் தொட்டி வைத்த சிறு லாரி) மாற்றுகிறது, ஏஸ்கள் நேராக ஆலைக்கு ஓடுகின்றன. தரம் பிரித்து வருவது பாதிக்குச் சற்று மேல்.

இரண்டு நிறுவனங்கள் உத்தேசத் திட்டம் கொடுத்துள்ளன.
அ: 2 ஸ்டேடிக் காம்பாக்டர் (ஒரே இடத்தில் நின்று குப்பையைக் கன்டெய்னருக்குள் அழுத்தும் இயந்திரம்), 3 ஹூக் லோடர் (கொக்கியால் கன்டெய்னரை ஏற்றி இறக்கும் லாரி), 5 கன்டெய்னர்.
ஆ: 1 காம்பாக்டர், 4 ஹூக் லோடர், 5 கன்டெய்னர். "மூன்றுக்கு ஒன்றாக அழுத்திவிடும், ஒன்றே போதும்" என்கிறார்கள்.

இதில் எது சரி? ஏஸ் ஏறிக் கொட்டும் மேடையின் உயரம், சாய்தளம், லீச்சேட் (குப்பையிலிருந்து கசியும் நீர்) பற்றியும் சொல்லுங்கள்.

#2 கொக்கிவண்டி

காம்பாக்டரை அப்புறம் பார்ப்போம் சார். முதலில் மணிக்கணக்கு.

ஏஸ் ஹாப்பர் 1.8 கன மீட்டர். நம் குப்பையில் சராசரியாக 600 கிலோ ஏறும். 120 டன்னுக்கு 200 நடை. காலை வசூல் முடிந்து எல்லோரும் ஒன்பதரை மணிக்கு மேல்தான் வருவார்கள். அறுபது சதவீதம் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்று வையுங்கள். 150 நிமிடத்தில் 120 வண்டி, அதாவது நிமிடத்துக்கு 0.8. ஒரு வண்டி பின்வாங்கி, கொட்டி, ஹாப்பரை இறக்கி நகர 5 நிமிடம். 0.8 × 5 = 4. ஒரே நேரத்தில் நான்கு வண்டி கொட்ட இடம் வேண்டும், ஒன்று உபரி, ஆக ஐந்து. நாள் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு இடம் போதும் என்று வரும். காலை பத்தரைக்கு மெயின் ரோடு வரை வரிசை நிற்பது அந்தக் கணக்கினால்தான்.

மாற்று நிலையம் தேவையா என்றால், உங்கள் தூரத்துக்குத் தேவை. மத்திய அரசின் 2016 திடக்கழிவுக் கையேடு 15 கி.மீ.க்கு மேல் போனால் யோசிக்கச் சொல்கிறது. ஏஸ் போக வர 44 கி.மீ. ஓடி 0.6 டன் கொண்டுபோகிறது, டன்னுக்கு 73 கி.மீ. லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால் டன்னுக்கு 6 லிட்டர் டீசல். ஹூக் லோடர் அதே 44 கி.மீ.க்கு 12 டன் ஏற்றும். லிட்டருக்கு 3 கி.மீ.தான் கொடுக்கும், ஆனாலும் டன்னுக்கு 1.2 லிட்டர். நாளுக்கு 570 லிட்டர் பக்கம் மிச்சம். அதைவிட முக்கியம் ஏஸின் நேரம். 200 நடைக்கு நடை இரண்டரை மணி என்றால் 500 வண்டி-மணி. ஏழு மணி நேர ஷிஃப்டில் எழுபது ஏஸ் வெறும் பயணத்துக்கே போகிறது. அந்த வண்டிகள் இரண்டாவது நடை தெருவுக்குப் போக முடிவதில்லை. வார்டில் மதியக் குப்பை தேங்குகிறது என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான்.

#3 கசிவுநீர்

"மூன்றுக்கு ஒன்று" என்ற கணக்கைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும்.

அந்த விகிதம் அட்டை, பிளாஸ்டிக், காகிதம் அதிகமாக இருக்கும் தளர்வான குப்பைக்கு. அது கன மீட்டருக்கு 100 முதல் 150 கிலோ இருக்கும், அழுத்தினால் 350, 400க்குப் போகும். நம் ஊர்க் கலப்புக் குப்பை ஏஸில் விழும்போதே 350 முதல் 450. பிரித்து வரும் ஈரக்குப்பை 550, 600. அதில் பாதிக்குமேல் தண்ணீர். தண்ணீரை அழுத்த முடியாது, வெளியே தள்ளத்தான் முடியும். ஈரத்துணியைப் பிழிகிற வேலையைத்தான் காம்பாக்டரின் ஹைட்ராலிக் சிலிண்டர் செய்கிறது.

எண்ணாகப் பாருங்கள். 20 கன மீட்டர் கன்டெய்னரில் ஈரக்குப்பையை அழுத்தாமல் மேலிருந்து கொட்டினாலே 11 டன். காம்பாக்டர் வைத்து அழுத்தினால் 13 டன். மொத்த எடை 28 டன் ரக மூன்று அச்சு வண்டியில் சேஸிஸ், கொக்கி அமைப்பு, கன்டெய்னர் எடையெல்லாம் கழித்தால் சட்டப்படி ஏற்றக்கூடியதும் 13, 14 டன்தான். ஆக அழுத்தத்தால் கிடைப்பது 2 டன். அதற்கு விலையாக ஒரு 30 எச்.பி. மோட்டார், சிலிண்டர், கூடுதல் லீச்சேட்.

மாற்று நிலையத்தில் நாம் வாங்குவது நேரம். அமுக்குவது அதில் சின்ன பாகம். திட்ட அறிக்கைகளில் இது தலைகீழாக இருக்கிறது.

#4 ஹைட்ராலிக்காரன்

கசிவுநீர் சொல்வதில் கணக்கு சரி, முடிவு பாதிதான் சரி. காம்பாக்டரின் லாபம் அழுத்தம் மட்டும் இல்லை. அதன் வாய்த்தொட்டியான ஹாப்பருக்குள் விழுந்த குப்பை மூடிய கன்டெய்னருக்குள் போய்விடுகிறது. காக்கை, நாய், மாடு, மழை எதுவும் கிட்டே வராது. மேலே திறந்த கன்டெய்னரில் கொட்டினால் தார்ப்பாய் போட்டுக் கட்டுவது தினசரி சண்டை. நாலாவது மாதம் தார்ப்பாய் கிழிந்திருக்கும், ஆறாவது மாதம் இருக்காது.

இன்னொன்று, அவர் சொல்லும் 600 கிலோ அடர்த்தி ஒழுங்காகப் பிரித்த ஈரக்குப்பைக்கு. சார் ஊரில் பாதிதான் பிரிந்து வருகிறது. மீதி கலப்பு. அதை அழுத்தாமல் கொட்டினால் கன்டெய்னருக்கு 8 டன்னோடு நிரம்பிவிடும். 8க்கும் 13க்கும் வித்தியாசம் பெரிசு.

ஒரு காம்பாக்டர் போதுமா? சுற்று நேரம் 45 முதல் 60 வினாடி, சுற்றுக்கு ஒன்றரை கன மீட்டர். கேட்லாக்கில் மணிக்கு 100 கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். களத்தில் அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உச்ச நேரத்தில் 72 டன், கலப்பு 400 கிலோ என்றால் 180 கன மீட்டர், மணிக்கு 72. அதோடு 13 டன்னுக்கு ஒருமுறை கன்டெய்னர் மாற்ற 12 நிமிடம் நிற்கும். அந்த இரண்டரை மணியில் ஐந்தாறு முறை மாற்றினால் ஒரு மணி நேரம் போச்சு. ஆ-வின் திட்டம் ஓடாது.

#5 கொக்கிவண்டி

இரண்டு திட்டத்திலும் ஒரே ஓட்டை: கன்டெய்னர் எண்ணிக்கை.

வண்டிச் சுற்று: 22 கி.மீ.க்கு நகர நெரிசலில் மணிக்கு 20 கி.மீ., போக 66 நிமிடம், வர 66. ஆலையில் எடைமேடை, கொட்டுதல் 20. இங்கே இறக்கி ஏற்ற 13. மொத்தம் 165 நிமிடம். காலை உச்சம் 150 நிமிடம். புரிகிறதா? முதல் கன்டெய்னரோடு போன வண்டி, உச்ச நேரம் முடிந்த பிறகுதான் திரும்பி வரும். அந்த நேரத்தில் நிரம்புவது ஆறு கன்டெய்னர். அதோடு தொடர்ந்து கொட்ட, கொட்டும் வாய் இரண்டின் கீழும் காலியாக இரண்டு நிற்க வேண்டும். ஆக எட்டு. ஒன்று எப்போதும் வெல்டிங்கில் இருக்கும், ஒன்பது போடுங்கள். ஐந்தே இருந்தால் பதினொன்றே முக்காலுக்கு நிலையம் நிற்கும், தரையில் கொட்டச் சொல்வார்கள். தரையில் கொட்ட ஆரம்பித்த நிலையம் திரும்ப ஒழுங்குக்கு வருவது கஷ்டம்.

வண்டி: நாளுக்கு 10, 11 நடை. இரண்டு ஷிஃப்டில் வண்டிக்கு 4 நடை, 3 வண்டி ஓட்டத்தில், 1 உபரி. ஒரே ஷிஃப்ட் என்றால் வண்டிக்கு 2 நடைதான், 5 வண்டியும் உபரியும் வேண்டும். கன்டெய்னர் வாங்குவது வண்டி வாங்குவதைவிட மிக மலிவு, இதை ஆணையரிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்.

#6 மேற்கு_பொறியாளர்

மிக்க நன்றி. 9 கன்டெய்னர் நிற்க இடம் பார்க்க வேண்டும். மேடையின் உயரம், சாய்வு?

#7 சாய்தளம்

மேடை உயரம் 3 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், காம்பாக்டர் ஹாப்பருக்கும் நேரடிச் சரிவுக்கும் (அழுத்தாமல் நேராகக் கன்டெய்னருக்குள் விழ விடுவது) இரண்டுக்கும் ஒத்துவரும். சாய்வு 1:12க்கு மேல் போகக் கூடாது. முடிந்தால் 1:15. அப்போது ஏறும் தளம் 45 மீட்டர். மழையில் லீச்சேட் சொட்டிய கான்கிரீட் வழுக்கும், 1:10 போட்ட இடங்களில் லோடு ஏஸ் பின்னால் உருள்வது நடக்கிறது. மேல்பரப்பில் குறுக்கே 10 மி.மீ. பள்ளக் கோடு இழுத்துவிடுங்கள், துடைப்பக் கோடு மட்டும் ஒரு வருஷத்தில் தேய்ந்துவிடும்.

ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது மறுபக்கம். ஒரே சாய்தளத்தில் இரு வழி வேண்டவே வேண்டாம். நீளம் பத்தாது என்றால் எல் வடிவில் வளைக்கலாம், வளைவு மட்டும் சமதளமாக இருக்க வேண்டும்.

மேடை ஆழம் ஏஸுக்கு 12 மீட்டர் போதும். ஆனால் நாளை பெரிய காம்பாக்டர் லாரியும் இங்கே கொட்டும் என்று யாராவது முடிவெடுப்பார்கள். 18 மீட்டர் கிடைத்தால் விடாதீர்கள். ஹாப்பர் வாய் 5 மீட்டர் அகலம் இருந்தால் இரண்டு ஏஸ் பக்கம் பக்கமாகக் கொட்டும். விளிம்பில் 20 செ.மீ. சக்கரத் தடுப்பு, கான்கிரீட்டில் வார்த்தது. ரயில் துண்டை வெல்டு செய்து வைத்தால் இரண்டு மாதத்தில் பெயர்ந்துவிடும். அதன் உயரத்தை முடிவு செய்யும் முன் உங்கள் ஏஸின் பின்பக்கம், ஹாப்பர் சாய்ந்த நிலையில், தடுப்பில் இடிக்கிறதா என்று வண்டியை வைத்து அளந்து பாருங்கள்.

கீழ்த்தளத்தில் ஹூக் லோடர் கன்டெய்னரை இழுக்க, கன்டெய்னர் முன்னால் நேர்கோட்டில் குறைந்தது 15 மீட்டர் வேண்டும். கோணலாக நின்று கொக்கி மாட்டினால் கன்டெய்னரின் அடித்தண்டவாளம் வளையும்.

#8 துப்புரவு_ஆய்வாளர்

வளாகத்துக்குள் வரிசை நிற்க இடம் விட்டீர்களா? ஏஸுக்கு 6 மீட்டர், 15 வண்டிக்கு 90 மீட்டர். இது வாயிலுக்கும் எடைமேடைக்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளியே வரிசை நின்றால் முதல் வாரத்தில் மனு, இரண்டாம் வாரத்தில் கவுன்சிலர், மூன்றாம் வாரத்தில் மறியல்.

வார்டு நேரத்தையும் கொஞ்சம் மாற்றலாம். எல்லா வார்டும் ஆறரைக்கு ஆரம்பித்தால் எல்லாமே பத்துக்கு வரும். மார்க்கெட், ஓட்டல் குப்பையை விடிகாலை ஐந்தரைக்கே எடுத்து ஏழுக்குக் கொட்டிவிடுங்கள், அதுவே 15, 20 டன் உச்சத்திலிருந்து இறங்கும். பணம் செலவில்லாத வழி.

மேடையில் ஒரு ஆள் கையில் கொடியோடு, வேறு எந்த வேலையும் இல்லாமல் நிற்க வேண்டும். அவர்தான் எந்த வண்டி எந்த வாய் என்று சொல்பவர். அவரை எடைச்சீட்டு எழுதவும் அனுப்பினால் அன்று குழப்பம் உறுதி.

#9 கசிவுநீர்

லீச்சேட். இதற்கு மதிப்பீட்டில் "வடிகால், மொத்தமாக" என்று ஒரே வரி போட்டு முடிப்பது வழக்கம். விரிவாகச் சொல்கிறேன்.

அளவு: வரும் குப்பையில் 4 சதவீதம் என்று வைத்தால் 4,800 லிட்டர். தளம் கழுவ 3,000 லிட்டருக்கு மேல். நாளுக்கு 8,000 லிட்டர். இது வெயில் கால அளவு. வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 செ.மீ. பெய்தால், கூரையில்லாத 500 சதுர மீட்டர் தளத்தில் மட்டும் 50,000 லிட்டர் விழும். அது குப்பை மேல் விழுந்தால் முழுவதும் லீச்சேட்தான். அதனால் கொட்டும் மேடை, காம்பாக்டர், நிரம்பிய கன்டெய்னர் நிற்கும் இடம் மூன்றுக்கும் கூரை. கூரைத் தண்ணீர் தனிக் குழாயில் மழைநீர் வடிகாலுக்கு. தளத்தைச் சுற்றி 10 செ.மீ. உயர வேகத்தடை போன்ற திட்டு கட்டினால் வெளித் தண்ணீர் உள்ளே வராது.

பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் விடலாமா என்று கேட்பார்கள். 2016 திடக்கழிவு விதிகள் லீச்சேட்டுக்குப் பொதுச் சாக்கடை வரம்பாக வைத்தது பி.ஓ.டி. (கழிவு மக்க எடுக்கும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 350 மி.கி. நீர்நிலைக்கு 30. புதுசாகப் பிழிந்த லீச்சேட் பல ஆயிரம், அழுகல் காய்கறி அதிகமான நாளில் பத்தாயிரங்களில் இருக்கும். நேராக விட்டால் சுத்திகரிப்பு நிலையத்தின் பாக்டீரியா படுத்துவிடும். தொட்டியில் பிடித்து டேங்கரில் கொண்டுபோய், ஆலையின் லீச்சேட் பிரிவிலோ சுத்திகரிப்பு நிலையத்தில் மெதுவாகக் கலந்துவிடும் ஏற்பாட்டிலோ சேர்க்க வேண்டும். மூன்று நாள் கொள்ளளவு, 24,000 லிட்டர். டேங்கர் ஒரு நாள் வராமல் போனதும் சனி, ஞாயிறும் சேர்ந்தால் அவ்வளவு தேவைப்படும்.

கான்கிரீட்: புது லீச்சேட்டின் பி.எச். 4, 5. லாக்டிக், அசிட்டிக் அமிலம். சாதாரண எம்20 (கான்கிரீட் வலிமை ரகம்) தளம் இரண்டே வருஷத்தில் ஜல்லி தெரிய ஆரம்பிக்கும். எம்30க்குக் குறையாமல், கசடுச் சிமெண்ட் (ஸ்லாக் சிமெண்ட்) கலந்து, தளத்துக்கு ஹார்டனர். சம்ப்புக்கும் (லீச்சேட் சேரும் குழி) கால்வாய்க்கும் அமிலம் தாங்கும் ஓடு பதியுங்கள், எபாக்ஸி பூச்சு மட்டும் போதாது, ஜே.சி.பி. பக்கெட் ஒரு முறை உரசினால் உரிந்துவிடும். கால்வாய் 30 செ.மீ. அகலம், 1:100 சரிவு, மேலே தூக்கி எடுக்கக்கூடிய கம்பிச் சல்லடை. போல்ட் போட்ட சல்லடையை யாரும் கழற்றிச் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

பிளீச்சிங் பவுடரை அந்தத் தளத்தில் தூவாதீர்கள். அமிலத் தன்மையுள்ள லீச்சேட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், கீழ்த்தளத்தில் நிற்பவர்களுக்குக் கண், தொண்டை எரியும். காம்பாக்டர் தகடும் சீக்கிரம் அரிக்கும். நாற்றத்துக்கு இ.எம். (நன்மை செய்யும் நுண்ணுயிர்) கரைசல், கழுவல், அன்றைய குப்பை அன்றே வெளியேறுவது. இவற்றில் மூன்றாவதுதான் உண்மையான மருந்து.

#10 ஹைட்ராலிக்காரன்

சம்ப் மோட்டார் அடைத்துக்கொண்டால் ஆளை இறக்காதீர்கள், எப்போதுமே. அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் தெரியாமலே மயங்கி விழுவார். மோட்டாரைச் சங்கிலியில் தொங்கவிட்டு, வழிகாட்டிக் குழாயில் மேலேயே இழுக்கும்படி அமையுங்கள். சின்னச் செலவில் அடங்குகிற விஷயத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி காம்பாக்டர் ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். வரிசையாக:

பிளேடு பின்னால் குப்பை சேர்வது. அழுத்தும் பிளேடு முன்னே போகும்போது மேலிருந்து ஒழுகுவது பின்பக்கம் விழும். தினமும் எடுக்காவிட்டால் அழுகி இறுகி, பிளேடு முழுதாகத் திரும்பாது. சென்சார் "பின்னால் வந்துவிட்டது" என்று சொல்லாததால் அடுத்த சுற்று ஓடாது. ஆபரேட்டர் சென்சாரைக் குறுக்கே இணைத்து ஓட்டுவார். அதன்பின் சிலிண்டர் தண்டு வளையும். ஷிஃப்ட் முடிவில் மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைச் சுத்தம் செய்பவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து எடுக்க வேண்டும். அந்தக் கதவே இல்லாத மாடல்கள் விற்பனையில் உண்டு, வரைபடத்தில் பாருங்கள்.

எண்ணெய். நம் வெயிலுக்கு வி.ஜி. (எண்ணெயின் பிசுபிசுப்பு எண்) 68. சிலர் 46 ஊற்றித் தருவார்கள். மே மாதம் டேங்க் சூடு 65 டிகிரி தாண்டினால் மெலிந்து, பம்ப் உள்கசிவு கூடி, பிளேடு மெதுவாகும். பவர் பேக்கை மேற்குச் சுவரோரம் வைக்காதீர்கள். ரிட்டர்ன் ஃபில்டர் 10 மைக்ரான். முதல் மாற்றம் சீக்கிரமே, 50 மணி நேரத்தில், ஏனென்றால் புது மெஷினின் வெல்டிங் துகள் அப்போதுதான் கழன்று வரும்.

"நிரம்பியது" விளக்கு. இதை நம்பாதீர்கள். அது அழுத்தத்தை வைத்து எரிகிறது, 160, 180 பாரில். ஈரக்குப்பை அந்த அழுத்தம் வருமுன்னே 15, 16 டன் தொட்டுவிடும். வண்டி ஓவர்லோடு, பின் டயர் வெடிப்பு, ஆலை எடைமேடையில் அபராதம். ஒவ்வொரு ஏஸின் எடையும் உள்ளே வரும்போது தெரிகிறதே, அதைக் கூட்டி 12.5 டன்னில் நிறுத்தச் சொல்லுங்கள். மேடைக்கொடி ஆளுக்கு ஒரு சின்ன டிஸ்பிளே போதும்.

நுழையக் கூடாதவை: தென்னை மட்டை, மெத்தை, கட்டட இடிபாடு. இளநீர் கூடு ஒன்றிரண்டு பரவாயில்லை, லோடாக வந்தால் பிளேடுக்கும் தகட்டுக்கும் இடையில் சிக்கும். ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் உடைத்த பூசணிக்காயும். வாழை நார் உருளையில் சுற்றாது, ஆனால் கதவு ரப்பரில் போய் உட்காரும், அந்த வாரம் முழுக்க ஒழுகும். அந்த இரண்டு மூன்று நாளுக்குத் திறந்த டிப்பர் வாடகைக்கு எடுப்பது நல்லது.

#11 துப்புரவு_ஆய்வாளர்

தீபாவளி வெடிக்குப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தனி வண்டி, தனி இடம். சென்னையில் அதைத் தனியாக எடுத்து கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு வளாகத்துக்கு அனுப்புகிறார்கள். வெடிக்காத சரம் காம்பாக்டருக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

#12 உரக்குடில்

எல்லோரும் 120 டன்னை எப்படிக் கடத்துவது என்றே பேசுகிறீர்கள். 120 ஏன் கடத்த வேண்டும்? வார்டு உரக்குடில்களில் 30 டன், உலர்க்குப்பை பொருள் மீட்பு மையத்தில் 25 டன் நின்றால் மாற்று நிலையத்துக்கு வருவது 65. இதே பணத்தில் பாதி போதும். இவ்வளவு பெரிய நிலையம் கட்டிவிட்டால், டன் கணக்கைக் காட்ட எல்லாவற்றையும் அங்கே தள்ளுவார்கள். ஒரே ஹாப்பரில் பச்சை (ஈர), நீல (உலர்) கூடை இரண்டும் விழுவதைப் பார்த்த தூய்மைப் பணியாளர் மறுநாள் வீட்டில் எதற்காகப் பிரிக்கச் சொல்வார்?

#13 கசிவுநீர்

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. 65 மட்டும் வரும் என்று வடிவமைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உரக்குடில் மழைக்காலத்தில் பாதித் திறனில்தான் ஓடும், அப்போது மீதி எங்கே போகும்? மேடையும் சாய்தளமும் 120க்குக் கட்டுங்கள், அவற்றைப் பின்னால் பெரிதாக்க முடியாது. இயந்திரத்தைப் படிப்படியாக வாங்கலாம்.

என் யோசனை: ஒரு காம்பாக்டர், கலப்புக்கும் உலருக்கும். பக்கத்தில் இரண்டு நேரடிச் சரிவு, பிரித்த ஈரக்குப்பைக்கு மட்டும். சரிவின் கீழே நிற்கும் கன்டெய்னருக்குத் தார்ப்பாய்க்குப் பதில் ஹைட்ராலிக் அல்லது கைச்சுழற்சி இரும்பு மூடி. ஹைட்ராலிக்காரன் சொன்ன தார்ப்பாய்ச் சண்டை அதோடு முடியும். காம்பாக்டர் பழுதானால் கலப்பும் சரிவில் போகும், நடை மட்டும் கூடும். உலர்க்குப்பையை மதியம் இரண்டுக்கு மேல் வரச் சொல்லுங்கள், அது நாறப்போவதில்லை. காலை உச்சம் அப்படியே தணியும்.

#14 ஹைட்ராலிக்காரன்

இரண்டாவது காம்பாக்டருக்கு அடித்தளம், கேபிள் குழாய், எண்ணெய்த் தட்டு மட்டும் இப்போதே போட்டு வைத்தால் ஒத்துக்கொள்கிறேன். பிரிப்பு ஐம்பது சதவீதத்திலேயே நின்றுவிட்டால் இரண்டு வருஷத்தில் தேவைப்படும்.

மின்சாரம்: இப்போது 22 கிலோவாட் (30 எச்.பி.) காம்பாக்டர் மோட்டார் ஒன்று, கழுவும் பம்ப், சம்ப், விளக்கு. இரண்டாவது வந்தாலும் தாழ்வழுத்த இணைப்பின் வரம்புக்குள் அடங்கும், எச்.டி. (உயரழுத்த இணைப்பு) தேவையில்லை. ஜெனரேட்டர் 82.5 கே.வி.ஏ. 62.5 வைத்தால் இரண்டு மோட்டாரும் சேர்ந்து கிளம்பும்போது இழுக்காது.

#15 கொக்கிவண்டி

எடைமேடை பற்றி யாரும் பேசவில்லை. பணம் டன் கணக்கில் என்றால் திருட்டும் டன் கணக்கில்தான். கட்டட மண்ணை அடியில் போட்டு மேலே குப்பை. ஹாப்பரில் தண்ணீர் பீய்ச்சுவது. காலி எடையைப் பழையதாகவே வைத்திருப்பது. வண்டியில் மாறிய டயர், ஒட்டிய சேறு, டீசல், உதவியாளர் ஏறியிருப்பது எல்லாம் சேர்ந்து நடைக்கு 40, 50 கிலோ காட்டும். 200 நடைக்கு 8, 10 டன். அதனால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இரண்டு முறையும் எடை. நேரமில்லை என்றால் காலி எடையை மாதம் ஒரு முறை முன்னறிவிப்பின்றி. நிலையத்திலிருந்து போன எடைக்கும் ஆலையில் பதிந்த எடைக்கும் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றே கேளுங்கள், ஒன்று வழியில் ஒழுகியிருக்கிறது, இல்லை ஒரு மேடை பொய் சொல்கிறது. மேடைக்கு வருடாந்திர முத்திரை எடையளவுத் துறையிடம், தேதியைத் தவறவிட்டால் ஒப்பந்ததாரர் வழக்கில் அதைத்தான் முதலில் காட்டுவார்.

#16 சாய்தளம்

தீ. மேடையின் ஓரம் 6 மீட்டருக்கு 6 மீட்டர் காலி கான்கிரீட் விடுங்கள், "சூடான லோடு" இடம். புகையும் வண்டியை ஹாப்பருக்கு விடாமல் அங்கே கொட்டி, பரப்பி, தண்ணீர். கொட்டாமல் வண்டியிலேயே தண்ணீர் அடித்தால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பெருங்குடியில் 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்ததும், வெள்ளலூரில் 2024 ஏப்ரலில் எரிந்ததும் கிடங்குகளில். மாற்று நிலையத்தில் அவ்வளவு குவியல் இருக்கக் கூடாது, ஆனால் ஒரு பழைய செல்போன் பேட்டரி நசுங்கினால் காம்பாக்டருக்குள்ளேயே பற்றும். கன்டெய்னர் பக்கவாட்டில் 63 மி.மீ. தீயணைப்பு இணைப்பு ஒன்று வெல்டு செய்து வாங்குங்கள், கதவைத் திறக்காமல் உள்ளே தண்ணீர் விடலாம்.

#17 மேற்கு_பொறியாளர்

கசிவுநீர் சொன்ன அமைப்பையே மதிப்பீடாகப் போடுகிறேன்: 1 காம்பாக்டர், 2 சரிவு, 4 ஹூக் லோடர், 9 கன்டெய்னர், இரண்டாவது காம்பாக்டருக்கு அடித்தளம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் நிறுவ இசைவுக்கு விண்ணப்பம் இந்த வாரம் போகிறது. டெண்டரில் தவறாமல் எழுத வேண்டியவை, ஏற்பு சோதனையில் பார்க்க வேண்டியவை இருந்தால் சொல்லுங்கள்.

#18 கொக்கிவண்டி

கொக்கி உயரம் 1570 மி.மீ., அடித்தண்டவாள வெளி அகலம் 1060 மி.மீ. என்று எண்ணாகவே எழுதுங்கள். "பொருத்தமான கொக்கி" என்று எழுதினால், அடுத்த வருஷம் வேறு நிறுவனத்தின் கன்டெய்னர் உங்கள் வண்டியில் ஏறாது. எல்லா கன்டெய்னரும் எல்லா வண்டியிலும் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும்: 9 × 4, முப்பத்தாறு முறை, உங்கள் முன்னால்.

#19 ஹைட்ராலிக்காரன்

ஒழுகல் சோதனை. காலி கன்டெய்னரில் 500 லிட்டர் தண்ணீர் ஊற்றி, கதவுப் பக்கம் சற்றே தாழ்த்தி, 30 நிமிடம். அடியில் காகிதம் விரித்துப் பாருங்கள். சொட்டினால் திருப்பி அனுப்புங்கள், "ஓடினால் ரப்பர் உட்கார்ந்துவிடும்" என்பார்கள், உட்காராது. கதவு ரப்பர் எண்ணெய், அமிலம் தாங்கும் நைட்ரைல் ரகம், கன்டெய்னருக்கு இரண்டு உபரி செட் விலையோடு சேர்த்து. கன்டெய்னர் அடித்தொட்டியின் வடிகால் வால்வு 100 மி.மீ. பந்து வால்வு, 50 போட்டால் பிளாஸ்டிக் பை ஒன்றே அடைத்துவிடும். அந்த வால்வைத் திறந்து வடித்த பிறகே வண்டி வாயிலைத் தாண்ட வேண்டும், எடைச்சீட்டில் அதற்கு ஒரு கட்டம் போடுங்கள்.

காம்பாக்டருக்கு: உங்கள் ஊர்க் குப்பையை வைத்தே, அவர்கள் கொண்டுவரும் அட்டையை வைத்து அல்ல, தொடர்ந்து மூன்று மணி நேரம் ஓட்டம். எண்ணெய்ச் சூட்டை பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். சோதனையை மே மாதத்தில், மதியத்தில் வையுங்கள்.

#20 துப்புரவு_ஆய்வாளர்

டெண்டரில் பராமரிப்பு ஒப்பந்தம் ஐந்து வருஷம், பழுதுக்கு 24 மணி நேரத்துக்குள் ஆள், 48 தாண்டினால் நாள் கணக்கில் பிடித்தம். சிலிண்டர் சீல் கிட், ஹோஸ், பிராக்ஸிமிட்டி சென்சார், சோலனாய்டு காயில் நிலையத்திலேயே இருப்பு. திறப்பு விழாவுக்கு முன் ஒரு வாரம் ஐந்து வார்டு வண்டியை மட்டும் விட்டு ஓட்டிப் பாருங்கள், ஓட்டுநர்களுக்கு மேடையில் பின்வாங்குவது பழக வேண்டும். முதல் இரண்டு நாள் சக்கரத் தடுப்பில் இடிக்காதவர் யாரும் இருக்க மாட்டார்.